கடைக்குப் போகாத கோடை

(ஒரு மல்லி, வத்தல் மொத்த வியாபாரியின் மூன்று மாத அனுபவம்)

நம் சங்க இதழில் இதற்கு முன் நான்கைந்து கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். ஜி.எஸ்.டி. கணக்கு, தராசு முத்திரை, கடன் வசூல் என்று எல்லாமே தொழில் சம்பந்தப்பட்டவை. இம்முறை மாடியில் தோட்டம் போட்டதையும் வீட்டில் நூல் பின்னியதையும் எழுதப்போகிறேன் என்றதும், ஆசிரியர் குழுவில் உள்ள நண்பர் சிரித்துவிட்டார். "அண்ணாச்சி, நம்ம வாசகர்களுக்கு இது எதுக்கு?" என்று கேட்டார். "படிச்சுட்டுச் சொல்லுங்க. பிடிக்கலைன்னா குப்பையில போட்டுருங்க" என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் குப்பையில் போடவில்லை. எனவே இது உங்கள் கைக்கு வந்திருக்கிறது.

சாவி கைமாறியது

2024-ஆம் வருடம் பங்குனி மாதம். விருதுநகரில் எங்கள் கிட்டங்கியில் காலை ஆறு மணிக்கு வத்தல் லாரி வந்து நின்றது. மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பதாவது மூட்டையோடு கணக்கு மறந்து போயிற்று. நெஞ்சில் யாரோ படிக்கல்லை வைத்து அழுத்தியது போல் இருந்தது. வேர்த்துக் கொட்டியது. வத்தல் நெடிதான் என்று நினைத்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். நல்ல வேளையாக என் மூத்த மகன் அன்று சீக்கிரமே வந்திருந்தான். என் முகத்தைப் பார்த்தவன் ஒரு வார்த்தை பேசாமல் காரில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோய்விட்டான்.

இதய இரத்தக் குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்து நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்: "மூன்று மாதம் கடைப்பக்கம் போகக் கூடாது. கிட்டங்கித் தூசியும் ஆகாது, நெடியும் ஆகாது, பதற்றமும் ஆகாது. ஆனால் படுத்தே கிடக்கவும் கூடாது. நடங்கள். கைக்கு லேசாக ஏதாவது வேலை கொடுங்கள்."

எஸ்.எஸ்.எல்.சி. முடித்த மறு வாரம் என் தகப்பனார் கடையில் உட்கார்ந்தவன் நான். அன்றிலிருந்து கல்யாணம், கருமாதி, தீபாவளி, பொங்கல் தவிர இடுப்பில் சாவிக்கொத்து இல்லாமல் இருந்ததில்லை. அன்று அதை அவிழ்த்து மகன் கையில் கொடுத்தேன். வேட்டி கூட இடுப்பில் நிற்காது போல் தோன்றியது.

முதல் வாரம் வீட்டிலிருந்தபடியே கடையை நடத்தப் பார்த்தேன். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை போன் போட்டேன். 'அருப்புக்கோட்டை பாக்கி வந்ததா, மாதிரி பார்த்தாயா, ஈரப்பதம் என்ன?' என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். எட்டாம் நாள் மகன் பொறுமையாகச் சொன்னான்: "அப்பா, நீங்க போன் பண்ற நேரத்துல நான் ரெண்டு சிட்டை போட்டிருப்பேன்." எனக்குக் கோபம் வந்தது. என் மனைவி வந்து போனை வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்து மூடிவிட்டாள்.

வணிகப் பெருமக்களே, நம்மில் பலருக்குக் கடையைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஓய்வு என்று ஒன்று வந்தால் என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்ததில்லை. நான் அதைத்தான் அந்த வாரம் தெரிந்துகொண்டேன்.

மல்லி விற்கத் தெரியும், முளைக்க வைக்கத் தெரியாது

ஆரம்பித்து வைத்தது என் பேத்தி. பள்ளிக்கூடத்தில் விதை முளைக்க வைத்துக் கொண்டுவரச் சொன்னார்களாம். வெந்தயத்தை இரவு ஊற வைத்து, தேங்காய்ச் சிரட்டையில் மண் போட்டுத் தூவினோம். மூன்றாம் நாள் பச்சை எட்டிப் பார்த்தது. பேத்தி குதித்தாள். "தாத்தா, மல்லி போடுவோம்" என்றாள்.

மல்லியில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு எனக்கு உண்டு. ராஜஸ்தான் ராம்கஞ்ச் மண்டிச் சரக்கையும் நம் கரிசல் காட்டு நாட்டு மல்லியையும் கண்ணை மூடிக்கொண்டு வாசனையில் பிரித்துவிடுவேன். ஆனால் ஒரு கைப்பிடியைத் தொட்டியில் தூவி இருபது நாள் ஆகியும் நாலே நாலு முளைதான் வந்தது. பக்கத்து வீட்டு ஆச்சிதான் சொல்லிக் கொடுத்தார்கள்: "முழுசாப் போட்டா எப்படி? ரெண்டாப் பொளந்து போடணும். ஒரு மல்லிக்குள்ள ரெண்டு விதை இருக்குல்ல."

நம் தொழிலில் பிளந்த மல்லி என்றால் விலை குறைவு. மூட்டையில் பிளந்தது அதிகம் இருந்தால் தரகரோடு சண்டையே நடக்கும். மண்ணுக்கோ பிளந்ததுதான் தோது. தரையில் பரப்பிச் செருப்புக் காலால் லேசாகத் தேய்த்து இரண்டாக்கி, ஓர் இரவு ஊற வைத்து, நிழல் விழும் இடத்தில் போட்டேன். பத்து, பன்னிரண்டு நாளில் முளைத்தது. ஆனால் சித்திரை வெயிலில் மல்லி தழைக்காது. நாலு இலை விட்டதும் பூவுக்கு ஓடிவிடும். ஆகவே கோடையில் அதைச் சின்னதாக இருக்கும்போதே கிள்ளிவிட வேண்டும்.

மாடியில் நடந்தவை

அக்னி நட்சத்திரம் மே 4-இல் தொடங்கியது. மறுநாள் மே 5, நம் வணிகர் தினம். கடைக்கு விடுமுறை என்பதால் மகனும் கடைப் பையன்கள் இருவரும் வந்து செம்மண்ணையும் தொழு உரத்தையும் மாடிக்கு ஏற்றிக் கொடுத்தார்கள். நான் பாரம் தூக்கக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்து 'அங்கே வை, இங்கே வை' என்று சொன்னதுதான் என் பங்கு.

மாடியில் தோட்டம் போட நினைப்பவர்கள் முதலில் பாரத்தைக் கணக்குப் போட வேண்டும். தண்ணீர் குடித்த மண் மிகவும் கனம். அதனால் மூன்றில் ஒரு பங்கு மண், ஒரு பங்கு தென்னை நார்க் கழிவு, ஒரு பங்கு தொழு உரம் என்று கலந்தோம். பைகளை நடுத்தளத்தில் குவிக்காமல் சுவர் ஓரமாக, செங்கல் மேல் வைத்தோம். தண்ணீர் தேங்கித் தளம் ஒழுகினால் கீரையில் மிச்சம் பிடித்ததைக் கொத்தனாருக்குக் கொடுக்க வேண்டி வரும்.

செலவு மிச்சம் என்று நினைத்துக் கடையில் கிடந்த காலிச் சாக்குகளையும் பயன்படுத்தினேன். அந்தப் பாடத்தையும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் சாக்கு வெயிலில் இரண்டே மாதத்தில் அப்பளமாய் நொறுங்கியது. மே நடுவில் கோடை மழை பெய்த இரவில் மூன்று சாக்கு வாய் பிளந்து, மண் முழுவதும் மழைநீர்க் குழாயில் போய் அடைத்துக்கொண்டது. சணல் சாக்கு மழையில் இற்றுப் போகும். ஆனால் அதை விரித்து விதைப்பாத்தி மேல் ஈரத்துக்கு மூடி வைக்க அதைவிட நல்ல பொருள் கிடையாது. முளை தெரிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

அடுத்த தவறு கடலைப் பிண்ணாக்கு. நம்மிடம் இல்லாத பிண்ணாக்கா என்று இரண்டு கிலோவை வாளியில் ஊறப்போட்டேன். மூன்றாம் நாள் தெருவே மூக்கைப் பிடித்தது. அந்தக் கரைசலில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து ஊற்ற வேண்டும். சத்து அதிகமாகப் போகட்டும் என்று நான் அப்படியே ஊற்றினேன். ஆறு கத்தரிச் செடிகள் இரண்டு நாளில் கருகின. அளவுக்கு மேல் கொள்முதல் செய்து கிட்டங்கியை நிரப்பினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். செடிக்கும் அப்படித்தான்.

கோடையில் எது நின்றது என்றால் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை, சிறுகீரை. சிறுகீரை இருபத்தைந்து நாளில் பறிப்புக்கு வந்தது. வெண்டை நாற்பத்தைந்தாம் நாள் முதல் காய் கொடுத்தது. தக்காளி ஆள் உயரம் வளர்ந்தது, பூவும் பூத்தது, ஆனால் வெக்கையில் பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது. நிழல்வலை கட்டிய பிறகுதான் செடிகள் தலை நிமிர்ந்தன. மாவுப்பூச்சி வந்தபோது ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் அடித்தோம். வாரம் ஒரு முறை வீதம் மூன்று வாரத்தில் கட்டுப்பட்டது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. கோடையில் தொடங்கியவன் தண்ணீருக்கும் நிழலுக்கும் கூலி கொடுத்தே தீர வேண்டும்.

பழைய விதை

இனி எழுதப்போவது எனக்குக் கொஞ்சம் சங்கடமானது.

சுரைக்காய் விதைப் பாக்கெட் ஒன்று வாங்கினேன். எந்தக் கடை என்று சொல்ல வேண்டியதில்லை. இருபது விதை போட்டதில் மூன்று முளைத்தது. பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். விதைப் பாக்கெட்டில் முளைப்புத்திறன் சதவீதம், சோதித்த தேதி, எதுவரை செல்லும் என்ற தேதி எல்லாம் இருக்க வேண்டும். இதில் தேதியின் மேல் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். காலம் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

கோபத்தோடு எழுந்து சட்டையை மாட்டினேன். கடைக்காரரிடம் போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று இருந்தது. வாசற்படியில் கால் வைத்ததும் எனக்கு வேறு ஒரு முகம் ஞாபகம் வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

நான் தனியாகக் கடையைப் பார்க்க ஆரம்பித்த புதிது. இரண்டு வருடச் சரக்கு முப்பது மூட்டை மல்லி தேங்கிக் கிடந்தது. புது மல்லியோடு கலந்து விற்றேன். அந்தக் காலத்தில் பலரும் செய்ததுதான். சமையலுக்கு வாங்குகிறவர்களுக்கு வாசனை கொஞ்சம் குறையும், வேறு கெடுதல் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி நாற்பது கிலோ மூட்டை ஒன்று வாங்கிப் போனார். ஐப்பசி மழையில் நாலு ஏக்கர் மானாவாரியில் விதைத்திருக்கிறார். முளைக்கவில்லை. மறு விதைப்புக்கு ஈரம் இல்லை. ஒரு மாதம் கழித்து வந்து கடை வாசலில் நின்றார். சத்தம் போடவில்லை. "நாலு ஏக்கரும் போச்சு அண்ணாச்சி" என்றார். "நான் சமையலுக்குத்தானய்யா கொடுத்தேன், விதைக்குன்னு நீங்க சொல்லலையே" என்று பதில் சொன்னேன். மூட்டை விலையை மட்டும் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு வரவில்லை.

சட்டப்படி நான் சொன்னது சரிதான். அவர் விதைக்கென்று கேட்கவில்லை. ஆனால் மண்ணைத் தோண்டித் தோண்டி முளைக்காத விதையைத் தேடிப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அன்று எனக்குத் தெரியாது. இந்தக் கோடையில் பதினேழு சுரை விதைக்காக நான் பட்ட எரிச்சலை நாலு ஏக்கருக்குப் பெருக்கிப் பார்த்தேன். மூன்று மாத விடுப்பில் என் நெஞ்சு வலித்தது அன்று ஒரு நாள்தான். அது ஸ்டென்டினால் வந்த வலி அல்ல.

அவர் ஊருக்கு ஆள் விட்டு விசாரித்தேன். அவர் காலமாகி ஏழெட்டு வருடம் ஆகிறதாம். மகன் இருக்கிறார். போய்ப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு ஞாபகமே இல்லை. "அப்பா அதைப் பத்திப் பேசினதில்லையே" என்றார். மோர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். கணக்கு நேராகவில்லை. சில கணக்குகளைக் காலத்தோடு முடிக்காவிட்டால் பிறகு வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது.

இப்போது எங்கள் கிட்டங்கியில் ஒவ்வொரு லாட்டிலும் அறுவடை வருடத்தை எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். விதைக்கு என்று யாராவது கேட்டால் "இது சமையல் சரக்கு" என்று சிட்டையிலேயே எழுதிக் கொடுக்கிறோம். கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்குச் சோதித்துக் காட்டுகிறோம். நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி, ஈரம் காயாமல் இரண்டு வாரம் வைத்தால் எத்தனை முளைத்தது என்று கண்ணால் பார்த்துவிடலாம். இதற்குச் செலவு ஒரு பைசா கிடையாது.

திண்ணையில் நூல்

என் மனைவிக்கும் எனக்கும் 1983-இல் கல்யாணம். அவளுக்குப் பின்னல் வேலை தெரியும் என்பது எனக்கு 2024-இல்தான் தெரிந்தது என்றால் நம்புவீர்களா? பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் குரோஷாவும் இரண்டு ஊசிப் பின்னலும் கற்றிருக்கிறாள். கல்யாணமாகி வந்தபோது பெட்டியில் ஊசிகளும் கொண்டுவந்திருக்கிறாள். அப்போது கடையில் வேலை பார்த்த எட்டுப் பேருக்கும் எங்கள் வீட்டில்தான் சமையல். ஊசியை எடுக்க நேரமில்லை. பிறகு எடுக்கத் தோன்றவில்லை.

நம் தென் மாவட்டத்தில் இந்த வேலைக்குப் பழைய வேர் உண்டு. 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' எழுதிய கால்டுவெல்லின் மனைவி எலைசா அம்மையார், இடையன்குடியில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய தாயார் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் அதற்கு முன்பே தொடங்கி வைத்திருந்தார். அங்கிருந்துதான் வகுப்புக்கு வந்ததோ இல்லையோ, எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளிகளில் வெகு காலம் இது பாடமாக இருந்தது.

பெங்களூரில் இருக்கும் எங்கள் மகளுக்கு ஆவணியில் பிரசவம். அந்த ஊர்க் குளிருக்குக் குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர், தொப்பி, காலுறை என்று தொடங்கினாள். நூல் வாங்கக் கூடவே போனேன். கடைக்காரர் "நயம் உல்லன்" என்றார். சரக்கைச் சோதிக்காமல் வாங்கி எனக்குப் பழக்கமில்லை. ஒரு துண்டு கேட்டு வாங்கி வெளியே போய்த் தீக்குச்சியில் காட்டினேன். நிஜக் கம்பளியாக இருந்தால் முடி கருகும் வாடை வரும், விரலில் தேய்த்தால் சாம்பலாகும். இது உருகிக் கறுப்பு மணியாகக் கட்டிவிட்டது. அக்ரிலிக். கடையில் உல்லன் என்று விற்பதில் பெரும்பாலும் இதுதான். அக்ரிலிக் தப்பான பொருள் இல்லை. துவைக்க வசதி, விலையும் குறைவு. ஆனால் கைக்குழந்தையின் உடம்போடு ஒட்டும் துணி தீயில் உருகும் என்றால் எனக்கு மனது வரவில்லை. குழந்தைக்கு நிஜக் கம்பளியே வாங்கினோம். உள்ளே பருத்திச் சட்டை போட்டு மேலே போட வேண்டும் என்று மனைவி சொன்னாள்.

மாலை நேரங்களில் அவள் பின்னுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிளெயின் ஒரு வரிசை, பர்ல் ஒரு வரிசை. உதடு அசைய எண்ணிக்கொண்டே போவாள். ஒரு நாள் முதுகுப் பக்கம் ஒரு சாண் முடிந்த பிறகு, கீழே இருபது வரிசைக்கு முன்னால் ஒரு கண்ணி நழுவியிருப்பது தெரிந்தது. "யாருக்குத் தெரியப்போகுது, விட்டுரு" என்றேன். "நாள்வழியில பத்து ரூபா உதைச்சா நீங்க விட்டுட்டுத் தூங்குவீங்களா?" என்று கேட்டாள். இருபது வரிசையையும் உருவிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். நாற்பத்தொரு வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் அவளும் ஒரு கணக்குப்பிள்ளை என்பதை நான் கவனிக்கவில்லை.

ஆர்டர் பிடித்த கதை

ஸ்வெட்டர் முடிந்ததும் மீதிப் பொழுதுக்குப் பருத்தி நூலில் கடைப் பை ஒன்று குரோஷாவில் பின்னினாள். முதல் பையில் இரண்டு கிலோ வெங்காயம் போட்டதும் பிடி முழங்கால் வரை இழுத்துக்கொண்டது. அடுத்த பையில் பிடிக்கு இரட்டை நூல் வைத்து நெருக்கமாகப் பின்னினாள். ஐந்து கிலோ போட்டும் அசையவில்லை.

எனக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டான். 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. வாடிக்கையாளர்கள் பை கேட்டு நம்மிடம் சண்டை போடுவது உங்களுக்குத் தெரியும். வருகிற நண்பர்களிடம் எல்லாம் பையைக் காட்டினேன். 'எனக்கு ரெண்டு', 'மருமகளுக்கு ஒண்ணு' என்று பத்தே நாளில் நாற்பது பை ஆர்டர் பிடித்துவிட்டேன். விலை நூற்றைம்பது ரூபாய் என்று நானே நிர்ணயித்தேன். பழைய நோட்டில் பெயர், எண்ணிக்கை, முன்பணம் எல்லாம் கோடு போட்டு எழுதினேன். மூன்று மாதத்தில் அவ்வளவு சுறுசுறுப்பாக நான் இருந்ததில்லை.

அவள் ஒன்றும் சொல்லாமல் பின்னினாள். எட்டுப் பை ஆயிற்று. ஒரு நாள் காலையில் வலது தோளைத் தூக்க முடியவில்லை. தைலம் தேய்த்துவிட்டு, "மீதி முப்பத்திரண்டு எப்ப முடியும்?" என்று கேட்டேன். தப்பான நேரத்தில் தப்பான கேள்வி.

"என்னங்க, நாப்பது வருஷமா நீங்க தொட்டது எல்லாம் கடையாயிருது. திண்ணையில கடை, சாப்பாட்டுல கடை, ராத்திரி தூக்கத்துலயும் கடை. இது ஒண்ணையாவது எனக்குன்னு விட்டுவைங்களேன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. ஊசியை நூல்கண்டில் குத்தி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு பைக்கு இருநூறு கிராம் நூல், நூறு ரூபாய். விலை நூற்றைம்பது. மிச்சம் ஐம்பது. ஒரு பை பின்னப் பதினாறு மணி நேரம். அப்படியானால் மணிக்கு மூன்று ரூபாய்ச் சில்லறை. என் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவருக்கு இந்தக் கூலியை நான் சொல்லியிருந்தால் முகத்தில் துண்டை வீசிவிட்டுப் போயிருப்பார். சொந்த மனைவியின் கைக்கு இந்த விலையை வைத்தவன் நான்தான்.

மறுநாள் முன்பணம் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் நேரில் போய்த் திருப்பிக் கொடுத்தேன். ஒருவர், "முந்நூறு ரூபாய்னாலும் தர்றேன்" என்றார். "விக்கிறதுக்கு இல்லைங்க" என்று சொல்லிவிட்டேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை.

வரவு செலவு

கணக்கு இல்லாமல் கட்டுரையை முடித்தால் நம் வாசகர்கள் விடமாட்டார்கள். தோட்டத்துக்கு ஆன செலவு: நிழல்வலை ரூ.1,900, பைகள் 24-க்கு ரூ.1,440, நார்க் கழிவு ரூ.900, செம்மண்ணும் தொழு உரமும் ரூ.1,600, விதை, நாற்று ரூ.350, வேப்பம் பிண்ணாக்கு, வேப்பெண்ணெய் ரூ.450, கம்பி, கயிறு ரூ.200. ஆக மொத்தம் ரூ.6,840.

வரவை அன்றைய கடை விலைக்குப் போட்டேன். கீரை 31 கட்டு ரூ.465, வெண்டை ஆறரைக் கிலோ ரூ.260, கொத்தவரை நாலு கிலோ ரூ.200, புதினா, மல்லித்தழை ரூ.200. மொத்தம் ரூ.1,125. நிகர நட்டம் ரூ.5,715. வலையும் பைகளும் இன்னும் சில வருடம் வரும் என்பதால் அதை முதலீட்டில் சேர்க்கலாம் என்று மகன் சொல்கிறான். எப்படிச் சேர்த்தாலும் மாடித்தோட்டத்தில் காசு பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தினமும் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி மெதுவாக நடந்ததற்கும் குனிந்ததற்கும் மருத்துவரிடம் நல்ல பெயர் கிடைத்தது. அதை எந்தப் பற்றில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு வரவும் உண்டு. சித்திரையில் எங்கள் சரக்கிலிருந்தே நாலு வத்தலை உடைத்து விதை எடுத்து நாற்று விட்டிருந்தேன். ஆனி கடைசியில் ஒரு காலை அதில் முதல் பூ. வெள்ளைப் பூ, தலையைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு இருந்தது. வத்தலைக் கையில் உடைத்து, காம்பைப் பார்த்து, விதையைக் குலுக்கித் தரம் சொல்லும் எனக்கு, அதன் பூவை நின்று பார்க்க இத்தனை வருடம் நேரமில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதைப் போயி இப்பத்தான் பாக்குறீங்களா?" என்றாள்.

சக வணிகர்களுக்கு

ஆடி முதல் வாரத்திலிருந்து கடைக்குப் போகிறேன். காலை பத்து முதல் ஒரு மணி வரைதான். சாவி மகனிடமே இருக்கிறது. அருப்புக்கோட்டை பாக்கி நான் இல்லாமலேயே வசூலாகியிருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது, மறைப்பானேன்.

அறுபதைத் தொடும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். நெஞ்சு வலி வந்து டாக்டர் சொல்லும் வரை காத்திருக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாள் சாவியைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பழகுங்கள். கடையில் இருக்கும் வெந்தயத்தில் ஒரு கைப்பிடி எடுத்து ஒரு தொட்டியில் தூவுங்கள். மூன்று நாளில் முளைக்கும், முதலுக்கு மோசமில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன கைவேலை தெரியும் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். தெரிந்துகொண்ட பிறகு ஆர்டர் பிடிக்கக் கிளம்பிவிடாதீர்கள்.

பின்னிய எட்டுப் பைகளில் ஏழை மகளுக்கும் மருமகளுக்கும் சொந்தக்காரப் பெண்களுக்கும் அவளே கொடுத்துவிட்டாள். எட்டாவது என்னிடம் இருக்கிறது. மாத்திரை டப்பா, கண்ணாடி, மத்தியானத்துக்கு மோர் பாட்டில் மூன்றையும் அதில் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன். எங்கே வாங்கினீர்கள், என்ன விலை என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். விலை சொல்வதில்லை.